எட்டம்மாவும் கொசுவின் முழங்காலும்

கல்யாணம் பேச நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போன அன்று, வருங்கால மாமியார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாசலிலிருந்து நாற்காலி வரை நான் நடந்து வந்த பத்தடியைத்தான் பார்த்தார்.

"வலது குதிகாலை உள்பக்கமா தேய்ச்சு நடக்கறீங்க. செருப்பைக் கழட்டிக் காட்டுங்க."

கழற்றிக் காட்டினேன். உள் ஓரம் காகிதம் போலத் தேய்ந்திருந்தது. சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவர் செருப்பைத் திருப்பிக் கொடுத்து, "பரவால்ல, சரி பண்ணிடலாம்" என்றார். சம்மதம் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்வார் என்று என் மனைவி பிறகு விளக்கினாள்.

அத்தை என்றுதான் அவரை அழைப்பேன். ஊரில் பாதிப் பேருக்கு அவர் எட்டம்மா. அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்வதற்கு முன்னால் அவர் பார்த்த வேலையைச் சொல்லிவிட வேண்டும்.

சண்டை நடந்த நான்கு வருடமும் அவர் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தார். வேலை பிசியோதெரபி. அப்போது அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, 'பயிற்சி அம்மா' என்பார்களாம். வேலையை அத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். "டாக்டர் உயிரைக் காப்பாத்திக் குடுத்துட்டுப் போயிடுவார். அந்த உயிரை வெச்சுக்கிட்டு ஒருத்தன் கக்கூஸ் வரைக்கும் தானா போகணுமே, அதுக்குத்தான் நான்."

ஆஸ்பத்திரி என்றால் மூடிப்போன நூல் மில். இயந்திரங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள், தரையில் போல்ட்டுகள் மட்டும் வரிசையாக முளைத்து நின்றன. நடை பழகுகிறவன் அதில் இடறி விழுவான். தலைமை டாக்டர் அவற்றை அறுத்து எடுக்கச் சொன்னபோது, பாதியை விட்டுவைக்கச் சொன்னவர் அத்தை. வெளியே உள்ள ரோடு மட்டும் வழுவழுவென்றா இருக்கிறது என்று கேட்டாராம். தண்ணீர்க் குழாய்களை வளைத்து இருபுறமும் நட்டு, பிடித்து நடக்கக் கம்பி செய்துகொண்டார். காலில் கட்டித் தூக்கிப் பழக எடை வேண்டும், எடை இல்லை. அங்கேதான் சாக்ஸ் விவகாரம் வந்தது.

ஒரு கால் போனவனுக்கு ஒரு சாக்ஸ் போதும். ஸ்டோரில் இருந்தவரோ ஜோடி ஜோடியாகத்தான் கொடுப்பேன், விதி அப்படி என்றார். அத்தை ஜோடியாகவே வாங்கினார். மிச்சமான ஒற்றைச் சாக்ஸில் ஆற்று மணலை நிரப்பி, வாயைத் தைத்து, அதே சிப்பாயின் நல்ல காலில் கட்டித் தூக்கச் சொன்னார். மூன்று மாதத்தில் இருநூறு சாக்ஸ் இப்படி மணல் மூட்டையாகிவிட்டது. இத்தனை சாக்ஸ் எங்கே போகிறது என்று பிடித்துவிடலாம் என வந்த ஸ்டோர்க்காரர் மணல் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் போனார். மறுநாள் ஊசியும் நூலும் அனுப்பினார். சண்டை முடிந்ததும் அவரையே அத்தை கட்டிக்கொண்டார். என் மாமனார் வாழ்நாள் முழுவதும் சாக்ஸ் போட்டதில்லை. பார்த்தாலே பயமாக இருக்கிறது என்பார், பாவம்.

இனி எட்டுக்கு வருவோம். எந்தப் பயிற்சியையும் பத்து முறை செய்ய வேண்டும். அத்தைதான் எண்ணுவார். ஒன்று, இரண்டு என்று ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கும். ஏழு வரும், எட்டு வரும். எட்டு வந்ததும் அவர் சிப்பாயின் காலைப் பார்ப்பார். இன்னும் முடியும் என்று தோன்றினால் அடுத்ததும் எட்டு. அதற்கு அடுத்ததும் எட்டு. சிலருக்கு ஆறு எட்டு, ஏழு எட்டு கூட விழும். கணக்கு வாத்தியாராக இருந்து பட்டாளத்துக்கு வந்த ஒருவர் தாங்க முடியாமல், "எட்டுக்கு அப்புறம் ஒம்பதும்மா" என்று கெஞ்சியிருக்கிறார். "நீங்க நடந்து உங்க ஸ்கூலுக்குப் போனதும் அங்க சொல்லிக்குடுங்க" என்று பதில் வந்ததாம். வாத்தியார் நடந்துதான் போனார். பெயர் மட்டும் இங்கே நிலைத்துவிட்டது.

இதெல்லாம் நான் கேள்விப்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம், அனுபவித்ததும் உண்டு. கல்யாணமான முதல் வருடம் கழுத்துப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை என்ற மரியாதையில் அத்தை என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "தலையை இடது பக்கம் திருப்புங்க மாப்ளே" என்று அன்பாகத்தான் ஆரம்பித்தார். நான்காவது எட்டில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் பால் பொங்குகிற மாதிரி வரும். "நீங்க என்ன மனுஷியா" என்று கேட்டே விட்டேன். மாமனார் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அத்தை கொஞ்சமும் அசராமல், "பேசறதுக்குத் தெம்பு இருக்கு, அப்ப எட்டு" என்றார். கழுத்து நான்கு நாளில் சரியாகிவிட்டது. அந்த எரிச்சல் மட்டும் ரொம்ப நாள் இருந்தது.

இப்படிப்பட்டவருக்குப் பேத்தி பிறந்தாள்.

பிறந்த அன்று குழந்தையைக் கையில் வாங்கிய அத்தை, வழக்கம்போல் கால் இரண்டையும் மடக்கி நீட்டிப் பார்ப்பார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு ஆள் மாறிவிட்டார். எலும்பும் தோலுமாக, எந்நேரமும் காதருகே நொய்நொய்யென்று இருந்ததால் அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்தவரும் அவரே. கொசு தவழ்ந்தால் அறுபதை நெருங்கும் அத்தையும் பின்னால் தவழ்ந்தார். கொசு அவருக்குக் கரியால் மீசை வரைந்தால், அந்த மீசையோடு வாசலில் வந்து பால்காரரிடம் பேசினார். நான் குழந்தையைக் கொஞ்சம் அதட்டினால் போதும், "மாப்ளே, சத்தம் எதுக்கு" என்று பின்னாலிருந்து குரல் வரும். என்னைப் பார்த்து எட்டு எட்டாக எண்ணிய அதே வாய்.

மாமனார் போன பிறகு அத்தை எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டார். பதினான்கு படி, கொஞ்சம் செங்குத்து. கீழ் அறை தருகிறோம் என்றோம், வேண்டாம் என்றார். கொசுவும் கட்டிலை மாடிக்கு மாற்றச் சொல்லிப் பாட்டியோடு போய்விட்டாள். பெற்ற எங்களைப் பார்க்கச் சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கி வருவாள்.

கொசுவுக்கு எட்டு வயது நடக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு வெளியே ரோடு போட்டார்கள். ரோடு ரோலர் வந்ததாம். அதைப் பார்க்க மதில்மேல் ஏறியிருக்கிறாள், பின்பக்கமாக விழுந்துவிட்டாள். வலது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது.

ஐந்து வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள், ஏழு வாரம் இடுப்பு முதல் பாதம் வரை மாவுக்கட்டு. எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. கட்டைப் பிரித்த அன்றுதான் அடுத்த இடி விழுந்தது. மூன்று மாதம் மடங்காமல் கிடந்த முழங்கால் மடங்க மறந்துபோயிருந்தது.

எலும்பு டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "காலை நேரா நீட்டினா சைபர். நாற்காலியில உக்காந்தா தொண்ணூறு டிகிரி. இப்ப இவளுக்கு இருபத்தஞ்சுதான் மடங்குது. ஆறு வாரம் டைம். பயிற்சியிலயே தொண்ணூறு வந்துட்டா போதும், மிச்சம் விளையாட்டுல தானா வந்துடும்."

"வரலைன்னா?" என்று என் மனைவி கேட்டாள்.

"மயக்க மருந்து குடுத்து நாங்க மடக்கணும். அதுல கூடின எலும்பு திரும்ப உடையலாம். அது வேண்டாம்னா கால் கம்பு மாதிரி இப்படியேதான் இருக்கும். பெஞ்சில உக்கார முடியாது, படி ஏற முடியாது."

மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை மட்டும் நிம்மதியாக இருந்தார். ஆஸ்பத்திரியிலேயே பயிற்சிக்குச் சீட்டு எழுதட்டுமா என்று டாக்டர் கேட்டதற்கு, "என் பேத்தியை இன்னொருத்தர் தொடறதா" என்று சிரித்தார். எங்களுக்கும் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. பட்டாளத்தையே எழுப்பி நடக்க வைத்தவர் வீட்டிலேயே இருக்கும்போது நமக்கு என்ன கவலை என்று நினைத்தேன்.

கொசுவின் கட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்கினோம். தினம் காலையும் மாலையும் அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, முக்கால் மணி நேரம் பயிற்சி. ராணுவத்திலிருந்து கொண்டுவந்த அளவுகோல் ஒன்று வைத்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளின் பாகைமானிதான், அதற்கு இரண்டு நீளமான இரும்புக் கைகள் இருக்கும். ஒரு கையைத் தொடையோடும் மற்றதைக் கணுக்காலோடும் பொருத்தினால் முழங்கால் எவ்வளவு மடங்கியது என்று காட்டும். வாரா வாரம் அளந்து காலண்டரில் எழுதினார். முதல் வாரம் முப்பத்தெட்டு. இரண்டாம் வாரம் ஐம்பத்தொன்று. மூன்றாம் வாரம் அறுபத்துநான்கு. நான் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இந்த எண்களைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

கொசுவும் சந்தோஷமாக இருந்தாள். பயிற்சி அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். எட்டம்மாவிடம் பயிற்சி எடுத்து எவன் சிரித்திருக்கிறான்?

மூன்றாம் வாரக் கடைசியில் அவளைக் கடைக்குக் கூட்டிப் போக ஆசைப்பட்டு பஸ் ஏற்றினேன். தூக்கித்தான் ஏற்றினேன். ஜன்னலோரம் உட்கார வைத்தால் கால் முன் சீட்டில் முட்டியது. திருப்பி உட்கார வைத்தால் நடைபாதைக்குக் குறுக்கே நீண்டது. கண்டக்டர் இரண்டு முறை தாண்டினார், மூன்றாம் முறை இடறிவிட்டார். "காலைக் கொஞ்சம் மடக்கும்மா" என்றார். "இவ்வளவுதான் மடங்கும்" என்றாள் கொசு, ஏதோ சாதனை மாதிரி.

எனக்குத் தொழிலே அளவுதான். அறுபத்துநான்கு டிகிரி மடங்கும் கால் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும். இது அது இல்லை. வீட்டுக்கு வந்ததும், அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து அந்த இரும்புப் பாகைமானியை எடுத்து நானே அளந்தேன். நாற்பது. மறுபடி அளந்தேன். முப்பத்தொன்பது.

மீதி இருப்பதோ மூன்றே வாரம்.

யோசித்துப் பார்த்ததில் காரணம் கண்தான் என்று முடிவுக்கு வந்தேன். அறுபத்தைந்து வயது. அந்தப் பாகைமானியில் கோடுகளோ எறும்பு ஊர்ந்த மாதிரி. பாவம், சரியாகத் தெரியவில்லை, சொல்லவும் வெட்கப்படுகிறார் என்று நானே கதை கட்டிக்கொண்டேன். மறுநாள் புது மாடல் கண்ணாடிச் சட்டங்கள் வந்திருக்கின்றன என்று சாக்குச் சொல்லி அவரைக் கடைக்கு வரவழைத்தேன். பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டினேன். மேலிருந்து கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். கடைசி வரிக்கும் கீழே பலகை அச்சடித்தவனின் விலாசம் பொடி எழுத்தில் இருக்கும். இத்தனை வருடத்தில் அதை நானே படித்ததில்லை. அதையும் படித்தார். கிட்டத்துப் பார்வைக்குப் போட்டிருந்த கண்ணாடியிலும் குறை ஒன்றும் இல்லை.

நான் விளக்கைப் போட்டுவிட்டு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அத்தை, கண்ணு நல்லா இருக்கு."

"அதான் எனக்கே தெரியுமே."

"அப்ப அந்த அறுபத்திநாலு எங்கேருந்து வந்துச்சு? நான் அளந்தேன். நாப்பதுதான் இருக்கு."

நான் கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். கோபப்படவும் செய்தேன். "மூணு வாரம் போச்சு அத்தை. உள்ள என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க ரெண்டு பேரும்? எண்ணறது கூட எனக்கு வெளிய கேட்டுச்சு. ஏழு, ஒம்பது, பத்துன்னு எண்ணினீங்க. எனக்குக் கழுத்துக்கு நாலு எட்டு போட்டவங்க, அவளுக்கு எட்டே இல்லாம எண்ணினீங்க. நான் ஏதோ என் காதுதான் சரியில்லைன்னு நெனச்சேன்." பேசும்போதே என் குரல் உடைந்தது. பெற்ற மகளாயிற்றே.

அத்தை தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். தடித்த, விரல் மூட்டுகள் பெருத்த கைகள்.

"தெரிஞ்சு பண்ணல மாப்ளே. அளக்கும்போது எனக்கு அறுபத்திநாலுன்னுதான் தெரிஞ்சுது, சத்தியமா. அவ மூஞ்சி சுருங்கினா என் கை தானா நின்னுடுது. நானூறு ஐநூறு பேரை அழவெச்ச கை. அவங்க கத்துவாங்க, நான் பாட்டுக்கு எண்ணிக்கிட்டு இருப்பேன். எனக்குப் பயமே கெடையாது. இவ 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம் போட்டா எனக்கு உயிரே போகுது."

கடைக்கு யாரோ வந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தபோது அத்தை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். கடையைப் பூட்டிட்டு வாங்க. அங்க ஊமைக்கோட்டான் இருக்கா."

ஊமைக்கோட்டான் என்று அவர் சொன்னது பெரியாஸ்பத்திரியின் பயிற்சிப் பிரிவுத் தலைவியை. சண்டைக் காலத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணாக அத்தைக்கு உதவிக்கு வந்தவர். வாயே திறக்க மாட்டார் என்பதால் அந்தப் பெயர். பிறகு படித்துப் பட்டம் வாங்கி, சூடான மெழுகில் கையை முக்குவது, மின்சாரப் பெட்டி என்றெல்லாம் கொண்டுவந்தார். "மெழுகுவத்திக் கடையா நடத்தறா" என்று அத்தை சொன்னது அவர் காதுக்குப் போய், இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று இருபது வருடம் இருக்கும். அவரிடமா போவது என்று என் மனைவி வாயைப் பிளந்தாள்.

போனோம். அத்தை ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவந்திருந்தார். எந்த எலும்பு, எத்தனை நாள் கட்டு, உண்மையான டிகிரி. கடைசி வரி, 'மூன்று வாரம் வீணானது என்னால்.' தலைவி படித்தார். நரைத்த, குள்ளமான அம்மாள். தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க வெளிய இருங்க" என்றார். அவ்வளவுதான்.

கொசுவைத் தள்ளு நாற்காலியில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவைச் சாத்தினார்கள். தாழ்வாரத்தில் மர பெஞ்சில் நானும் அத்தையும். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஆரம்பித்தது. "பாட்டி, வலிக்குது. பாட்டி, இவங்களை விடச் சொல்லு. பாட்டி வா."

அப்பா என்று ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை, கவனித்தேன். அந்த நேரத்திலும் அது உறைத்தது.

அத்தை எழுந்துவிட்டார். கதவு வரை போனார். கைப்பிடியில் கை வைத்தார். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கும் மனசு இல்லை, கதவை உடைத்துக்கொண்டு போகலாம் என்றிருந்தது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"மில்லுல ஒரு சிப்பாயோட அம்மா வந்தாங்க," என்றார் என்னைப் பார்க்காமலே. "மூணு நாள் ரயில்ல நின்னுக்கிட்டே வந்திருக்காங்க. அவன் கத்தறதைக் கேட்டுட்டு, 'விட்டுடும்மா, என் புள்ளையை நான் ஆயுசுக்கும் தூக்கிச் சுமந்துக்கறேன்'னு என் கையைப் புடிச்சாங்க. கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளாத கொறையா அனுப்பிக் கதவைத் தாள் போட்டேன். நான் பண்ணினது சரிதான். அவன் நடந்தான். ஆனா அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணி குடுத்திருக்கலாம். எனக்குத் தோணவே இல்ல."

நான் போய்த் தண்ணீர் வாங்கி வந்தேன். அத்தை குடித்தார்.

வெளியே வந்த கொசு கண் வீங்கி, மூக்கு ஒழுக, பாட்டியின் பக்கமே திரும்பவில்லை. "நீ என்னை அவங்ககிட்ட குடுத்துட்டே" என்று மட்டும் சொன்னாள். அதோடு பேச்சு நின்றது.

அவள் அம்மாவின் பிடிவாதமும் பாட்டியின் பிடிவாதமும் சேர்ந்து பிறந்தவள். தினம் காலை பஸ்ஸில் மூவரும் போவோம். அத்தை பக்கத்தில் உட்கார்ந்தால் கொசு ஜன்னலைப் பார்ப்பாள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தால் என்னிடம் கொடுத்துவிடுவாள். உள்ளே போனதும் கத்தல் மட்டும் பாட்டி பேரில். "வெளியதானே இருக்கே, வாயேன்" என்று கதவு அதிரும். வெளியே வந்ததும் பாட்டி யாரோ, அவள் யாரோ. அத்தை மாடிக்குப் போவார், மறுநாள் காலை தலைவாரிக்கொண்டு பையோடு தயாராக நிற்பார். மாடியில் கொசுவின் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே இருக்கிறார் என்று என் மனைவி சொன்னாள்.

கால் மட்டும் தன் வேலையைச் செய்தது. நாற்பத்தெட்டு, ஐம்பத்தேழு, அறுபத்தாறு, எழுபது. இந்த முறை எண்களைக் கடையில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

எழுபத்தொன்றில் வண்டி நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள், அதே எழுபத்தொன்று. டாக்டர் சொன்ன கெடுவுக்கு நான்கே நாள் இருக்கும்போது தலைவி வெளியே வந்து அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"அக்கா, கால் இன்னும் வரும். அவதான் விட மாட்டேங்கறா. நீங்க கதவுக்கு வெளிய இருக்கீங்கன்னு அவளுக்குத் தெரியுது. எப்பவாவது நீங்க உள்ள வந்து காப்பாத்திடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கா. அதனால தானா மடக்கறதே இல்ல. நாளையிலேருந்து நீங்க வராதீங்க."

அத்தை மூடிய கதவைப் பார்த்தார். பிறகு, "சரிம்மா" என்றார். இருபது வருடத்துக்குப் பிறகு ஊமைக்கோட்டானை அவர் 'அம்மா' போட்டுப் பேசியது அப்போதுதான்.

மறுநாள் பெஞ்சில் நான் மட்டும். கொசு கதவு மூடுவதற்கு முன் எட்டிப் பார்த்தாள். "பாட்டி எங்க?" என்று கேட்கவில்லை, அவள்தான் பேசுவதில்லையே. உள்ளே கத்தினாள், அன்று பாட்டி பேர் இல்லாமல் வெறும் கத்தல். எழுபத்தாறு. இரண்டாம் நாளும் எட்டிப் பார்த்தாள். எண்பத்திரண்டு. மூன்றாம் நாள் உள்ளே சத்தமே வரவில்லை. பயந்துபோய்க் கதவில் காது வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ முணுமுணுப்பது மட்டும் கேட்டது. வெளியே வந்த முகத்தில் அழுகை இல்லை, கோபம் இருந்தது. என் கோபம்தான், பால் பொங்குகிற ஜாதி. அன்று அளவு கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக் காலை எலும்பு டாக்டர் பார்க்கப் போகிறார், அப்போது தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து தூக்கி வந்த கொசுவை வீட்டு வாசலில் இறக்கினேன். மனைவி கதவைத் திறந்தாள். கொசு ஊன்றுகோலை ஊன்றி உள்ளே வந்தாள், முன்னறைக்குள் போகவில்லை. மாடிப் படிக்கு முன்னால் போய் நின்றாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தாள்.

"ஏய், எங்கடி?" என்றாள் மனைவி.

"மேல போய் அவங்களை ரெண்டு வார்த்தை கேக்கணும்."

கைப்பிடியைப் பிடித்து இடது காலை முதல் படியில் வைத்தாள். இழுத்து வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று பார்த்தேன். வலது காலைத் தூக்கி, மடக்கி, இரண்டாம் படியில் வைத்தாள். உதட்டைக் கடித்தாள். உடம்பை மேலே தள்ளினாள். பிறகு இடது. பிறகு மறுபடி வலது, மடக்கி, அடுத்த படியில். அவளுக்கு அது தெரியவே இல்லை, பாட்டியை என்னென்ன கேட்பது என்றே யோசித்துக்கொண்டு போனாள். என் மனைவி என் கையை நசுக்கிவிட்டாள். நாங்கள் இருவரும் படிக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மறுநாள் டாக்டர் அளந்து தொண்ணூற்றொன்று என்றார், எங்களுக்கு அது பழைய செய்தியாகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டு அத்தை அறைக் கதவைத் திறந்து படியின் உச்சியில் வந்து நின்றார். கொசு பன்னிரண்டாம் படியில் இருந்தாள். அத்தை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலையே பார்த்தார். பதின்மூன்று, பதினான்கு. கொசு மேலே போய் நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏன் மூணு நாளா வரல?"

அத்தையின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மாமனார் போன அன்றும் அழாதவர்.

"அழாத. நான்தான் அழணும். நான் அழுதது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எல்லாமா?"

"வந்த நாளெல்லாம் கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் உள்ள வரல?"

"வரணும்னு எழுந்தேன்டி. தெனமும் எழுந்தேன். அப்புறம் உக்காந்துட்டேன். எனக்கு அதான் கஷ்டமா இருந்துச்சு."

கொசு பாட்டியை மன்னித்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பிப் படிகளைப் பார்த்தாள். மேலிருந்து பார்த்தபோதுதான் எவ்வளவு உயரம் வந்திருக்கிறோம் என்று புரிந்திருக்க வேண்டும், முகம் வெளுத்தது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்கு அதிக வலி.

"நான் எப்படிக் கீழ போவேன்?"

"கையைக் குடு."

"தூக்கிக்கிட்டுப் போறியா?"

கீழே நின்ற நான், தூக்கிக்கொள்ளட்டுமே என்றுதான் நினைத்தேன். அத்தை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு படி கீழே இறங்கி அவளுக்கு முன்னால் நின்று, கையை நீட்டினார்.

"புடிச்சுக்கறேன்," என்றார். "தூக்க மாட்டேன்."